பத்து நாள் ஒப்பந்தம்

மைனஸ் முப்பத்திரண்டு.
வின்னிபெக்கின் வடகோடியில்
பள்ளிப் பேருந்துகள் ஐம்பதும்
மூக்கில் மின்கம்பி செருகியபடி
விடியலுக்கு நிற்கின்றன.
நாற்பத்தோராம் எண் வண்டிக்குள்
லெண்டல் புருடோம் ஏறுவது
ஏணியொன்றை மடித்து
அலமாரிக்குள் வைப்பது போல.
முதலில் தலை. பிறகு கொஞ்சம் யோசனை.
கடைசியாக இடது முழங்கால்,
அதை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைப்பார்,
யாரோ கொடுத்தனுப்பிய பார்சல் மாதிரி.

ஆறடி பத்தங்குலம்.
டிப்போவில் பல்பு போனால்
நாங்கள் ஸ்டூல் தேடுவதில்லை.
"மேலே காற்று எப்படி?" என்று
தினமும் ஒருவன் கேட்பான்.
தினமும் சிரிப்பார்,
இன்றைக்குத்தான் முதல்முறை கேட்பதுபோல.

ஐந்து நாட்டில் ஆடியவர்.
போர்ச்சுகலில் இரண்டு மாதச் சம்பளத்தை
ஆலிவ் எண்ணெயாகத் தந்தார்களாம்.
துருக்கியில் எதிரணி ரசிகர்கள் எறிந்த காசைப்
பொறுக்கி டாக்சிக்குக் கொடுத்தாராம்.
மணிலாவில் சுண்டுவிரல் உடைந்தது.
மற்ற நாலோடு சேராமல்
இன்றைக்கும் அது தனிக்குடித்தனம்.
ஸ்டியரிங்கைப் பிடித்தால்
அது மட்டும் ஜன்னலைக் காட்டும்.
இந்த ஊரில் ஆடிய கடைசி அணி
ஏப்ரலில் திவாலானது,
முழங்காலும் அதே வாரம்.
ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுத்திருந்தார்.
பனிப்புயல். விமானம் ரத்து.
அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.
சாப்பாட்டு அறையில் எல்லாருக்கும் வேண்டியது
அந்தப் பெரிய லீக்.
தொண்ணூற்று நாலு, பிப்ரவரி.
பத்து நாள் ஒப்பந்தம், நாலு ஆட்டம்,
களத்தில் மொத்தம் பதினொரு நிமிடம்.
தவறு மூன்று. புள்ளி பூஜ்யம்.
"அவ்வளவு பெரிய ஆளைத் தடுத்து ஆடினாயாமே,
எப்படி இருந்தான்?"
"என் காலை மிதித்தான்," என்பார்.
"மன்னிப்புக் கேட்டான். நல்ல பையன்."
அதற்கு மேல் சாண்ட்விச்.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாது.
மூன்று மாதம் தேடி
ஒஹாயோவில் ஒரு சேகரிப்பாளரிடம்
அதில் ஓர் ஆட்டத்தின் கசெட்டை வாங்கினேன்.
நாற்பது டாலர், தபால் தனி.
முதலில் தனியாகப் பார்த்தேன்.
லெண்டல் உள்ளே வருகிறார்,
கேமரா வேறு பக்கம் போகிறது.
லெண்டலிடம் பந்து வருகிறது,
டயர் விளம்பரம்.
ஒரே ஒரு தடவை முழு ஆளாய்த் தெரிகிறார்:
வியர்வை சிந்திய இடத்தைத் துடைக்க
ஒரு பையன் ஓடிவர,
அவனுக்கு வழிவிட்டு நிற்கிறார்,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரம்.
கொடுத்தேன்.

அவர் வீட்டு நிலவறை.
கூரை இடிக்காத இடத்தில் ஒரு நாற்காலி,
முழங்காலில் உறைந்த பட்டாணிப் பை.
பழைய வீடியோ பெட்டி இருமிவிட்டு ஓடியது.
பதினொரு நிமிடத்தில் இவருடைய பங்கு
வந்ததும் போனதும்
அவருக்குக் கண்ணில் படவே இல்லை.
மூன்றாம் கால்பகுதி, இடைநிறுத்தம்.
கேமரா கூட்டத்தின் மேல் சும்மா மேய்ந்தது.
"நிறுத்து, குகன்."

பன்னிரண்டாம் வரிசை. மஞ்சள் கோட்.
எல்லாத் தலையும் பெரிய ஆள் பக்கம் திரும்பியிருக்க
ஒருத்தி மட்டும்
பெஞ்சின் கடைசியைப் பார்க்கிறாள்.
பாப்கார்ன் வாய்க்குப் போகும் வழியில்
நின்றுவிட்டது.

"அன்றைக்குப் பல்லுப் பிடுங்கப் போனேன் என்றாள்.
இருபத்தாறு வருஷம்
அதையே சொல்லிக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்."

பட்டாணி உருகிக் காலுறையில் சொட்டியது.
படம் நடுங்கியது.
பழைய கசெட்டை நிறுத்தி வைத்தால்
அது ஓரிடத்தில் நிற்காது,
மஞ்சள் கோட் மேலும் கீழும் துடித்தது.
நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.
தாகம் இல்லை.

திங்கட்கிழமை, ஆறு பத்து.
நாற்பத்தொன்றின் கதவில் நின்று
வண்டி சூடாகும்வரை பேசாமல் இருந்தார்.
பிறகு, முழங்காலைத் தூக்கிக்கொண்டே:
"நாலு ஆட்டம் இருந்தது இல்லையா.
மற்ற மூன்றும் கிடைக்குமா?"

ஒஹாயோவுக்கு எழுதியிருக்கிறேன்.
இப்போது ஒன்றுக்கு அறுபது கேட்கிறான்.